ஃப்ரம் வரியில் உன் பெயர்

உன் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்ததும் நெய் வாசம் வந்தது. சார்ஜர் தேடித்தான் திறந்தேன். கையில் அகப்பட்டது உன் பூட் பென்டிரைவ். மூடி தொலைந்துபோனதால் பால்கோவா கடைக் காகிதத்தைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பாயே, அது. எந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் அதைச் செருகி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும் உனக்கு. என் அக்கா வீட்டு டிவி பெட்டி, நான் வேலை பார்க்கும் ஸ்பின்னிங் மில்லில் ஒதுக்கிப் போட்ட கன்ட்ரோல் பேனல், உன் தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த லேப்டாப், எதையும் விட்டதில்லை. "ஏறாட்டா என்னட்டி பண்ணுவ?" என்று கேட்டால், "ஏன் ஏறலன்னு தெரிஞ்சுக்கிடலாம்லா, அதுவும் லாபந்தான்" என்பாய்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த பிறகு உன் லேப்டாப்பை நான் தொடவில்லை. மில்லுக்குப் போனேன், அங்குள்ள கம்ப்யூட்டர் சர்வரைக் கவனித்தேன், வீட்டுக்கு வந்தேன். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம்போல இருந்தது எல்லாம். கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்தில் டியூஷன் சென்டர் மாடியில் கூடும் நம் லினக்ஸ் ஆட்களிடமும் போகவில்லை.

அன்றைக்கு அந்த வாசத்தோடு லேப்டாப்பைத் திறந்தேன். உன் மின்னஞ்சலில் லினக்ஸ் கோடில் சேர்க்கச் சொல்லி நீ கடைசியாக அனுப்பிய பேட்சுக்குப் பதில் வந்து கிடந்தது. லினக்ஸின் மூளையான கர்னலில் டச் திரைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் எழுதியிருந்தார். நன்றாக இருக்கிறது, திரையின் கீழ் ஓரத்து எண்ணை மட்டும் உண்மையான இயந்திரத்தில் மறுபடி அளந்து திருத்தி அனுப்புங்கள் என்று. அதற்குப் பிறகு இன்னொன்று. பதில் இல்லையே, இன்னும் இதில் ஆர்வம் இருக்கிறதா, இல்லையென்றால் காத்திருக்கும் பேட்சுகளிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று.

உனக்கு ஆர்வம் இல்லையாம். அதைப் படித்தபோதுதான் மரத்த இடத்தில் முதல்முதலாக ஏதோ சுருக்கென்றது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கடைக்கு முதலில் நாம் போனது பால்கோவா வாங்கத்தான். கல்லாவில் இருந்த டச் பில் மெஷினோடு அண்ணாச்சி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள், மெஷின் பாதி நாள் எழுந்திருப்பதே இல்லை. நீ என் முழங்கையை இடித்தாய். உன் கை பைக்குள் போய்விட்டது.

"அண்ணாச்சி, செத்த நேரம் இதத் தாங்க. ஒண்ணும் அழியாது."

லினக்ஸ் ஏறியது. நீ உள்ளங்கையை நீட்டினாய், நான் தட்டினேன். ஏதாவது வேலை செய்துவிட்டால் அது நம் வழக்கம். அண்ணாச்சி ஆசையாகப் 'பால்கோவா' என்ற பொத்தானைத் தொட்டார். பில்லில் மிக்சர் விழுந்தது. மிக்சரைத் தொட்டார், பால்கோவா விழுந்தது. மேலே தொட்டால் கீழே கேட்கிறது.

"என்ன தங்கச்சி, தலகீழா நின்னு யாவாரம் பண்ணவா?"

"மெஷினத் தலகீழா வச்சாச் சரியாப் போகும் அண்ணாச்சி. படந்தான் தலகீழாத் தெரியும், அம்புட்டுதான்" என்றாய் நீ. அவர் சிரித்த சிரிப்பில் க்யூவில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

இந்த மாதிரி மலிவுத் திரைகள் தங்கள் அளவையும் திசையையும் தாமாகச் சொல்வதில்லை. அதற்காகவே கர்னலுக்குள் ஓர் அட்டவணை இருக்கிறது. எங்கோ ஒருவர் தன் கையிலிருக்கும் பெட்டியை அளந்து அதில் சில வரிகளைச் சேர்ப்பார். பிறகு அதே பெட்டி எந்த ஊரில் யாரிடம் இருந்தாலும் திரை ஒழுங்காகக் கேட்கும். நம் பெட்டியை அடையாளம் காட்ட அதன் பெயர் வேண்டும் என்று தேடினாய். செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'இங்கே நிரப்பவும்' என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "பேரு கூட வைக்காமப் பெத்துப் போட்டுட்டாய்ங்க பாருங்க" என்று பஸ் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். என் அம்மா பக்கத்தில் இருந்ததால் 'பாருங்க'. கம்ப்யூட்டரில் டெர்மினலைத் திறந்து உட்கார்ந்தால் நான் உனக்கு 'ஏலே'தான்.

அடுத்த தடவை போய், உன் பேட்ச் போட்ட கர்னலை அண்ணாச்சி மெஷினில் ஏற்றிவிட்டு வந்தோம். கர்னல் ஆட்களின் மின்னஞ்சல் பட்டியலுக்கும் அனுப்பினாய். பதில் வருவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

போன வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு உன் பென்டிரைவோடு பஸ் ஏறினேன். மெஷின் கல்லாவிலேயே இருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எங்க, தங்கச்சி வரலியா?"

சொன்னேன். சர்வர் நிலவரம் சொல்வதுபோலச் சொன்னேன். காய்ச்சல், மதுரை, காப்பாற்ற முடியவில்லை. அவர் தராசை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தார். "அந்தக் கடைசி வரிசைப் பொத்தான் கேக்க மாட்டேங்கு. தங்கச்சி வந்து சரி பண்ணுதேன்னுச்சு. வரட்டும்னுதான் இருந்தேன்" என்றார்.

"எம்புட்டு நாளா அண்ணாச்சி கேக்கல?"

"மொதல்ல இருந்தே கேக்கல. அரைக்கிலோ பொத்தான் அங்கதான் கெடக்கு. காக்கிலோவ ரெண்டு தடவ அமுக்கிக்கிடுதேன்."

யாரையும் கூப்பிட்டுப் புகார் சொல்லாமல் உனக்காகக் காத்திருந்திருக்கிறார். கீழ் ஓரத்து எண் என்று மின்னஞ்சலில் அந்த மனிதர் கேட்டது இதைத்தான். பட்டியலில் யாரோ ஒருவர் தூரத்திலிருந்து சந்தேகப்பட்ட இடமும் இங்கே பால்கோவா அரைக்கிலோ போட முடியாத இடமும் ஒன்றுதான் என்று தெரிந்ததும், என் கை பரபரக்கத் தொடங்கியது. பழைய பரபரப்பு, தெரியுமா? அது வந்துவிட்டது.

அண்ணாச்சியை ஓரங்களைத் தொடச் சொன்னேன். அவர் விரலை இழுக்க இழுக்க எண்கள் ஓடின. திரையின் கீழ் விளிம்பு நீ எழுதிய எண்ணுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. அவ்வளவுதான், ஓர் எண். லேப்டாப்பில் மாற்றி, கர்னலைப் புதிதாகக் கட்டினேன். கட்டி முடியும்வரை பழைய பில் புத்தகத்தில் எழுதி வியாபாரம் நடந்தது. "என்ன அண்ணாச்சி, மெஷினுக்கு மேலுக்கு முடியலியா?" என்று ஒரு அம்மா கேட்டார். "வைத்தியர் வந்திருக்காருல்லா, எந்திரிச்சிரும்" என்றார் அண்ணாச்சி.

மறுபடி ஏற்றினோம். அண்ணாச்சி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அரைக்கிலோவைத் தொட்டார்.

விழுந்தது. இன்னொரு தடவை தொட்டார். விழுந்தது. மூலைக்கு மூலை தொட்டார், ஒவ்வொன்றும் தொட்ட இடத்தில் கேட்டது. நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் உள்ளங்கையை இடது பக்கம் நீட்டினேன்.

நீட்டிய பிறகுதான் தெரிந்தது. எடுக்கவும் முடியவில்லை, அப்படியே நின்றது கை. அண்ணாச்சி அதைப் பார்த்தார். என்ன கேட்கிறேன் என்று புரியாமல் ஒரு துண்டு பால்கோவாவை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். இளஞ்சூடாக இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி அதைத் தின்றேன், அழுதேன். அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி எனக்கு மறைப்பாக நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்து பேட்சை எழுதி, அனுப்புவதற்கு முன் நம் கூட்டத்து ஜெபாவுக்குப் பார்க்கக் கொடுத்தேன். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டு வந்தவன் வீட்டு வாசலில் பைக்கிலிருந்து இறங்காமலேயே போனில் படித்தான்.

"ஏலே, ஃப்ரம் வரியப் பாத்தியா?"

"ஏன்?"

"உம் பேருல்லா இருக்கு. அவ பேரு எங்கலே?"

உன் வரிகளைக் கையால் ஒட்டிச் சேமித்திருந்தேன். யார் எழுதியது என்று கணக்கு வைக்கும் கிட், எழுதியவர் இடமான ஃப்ரம் வரியில் என்னைப் போட்டுக்கொண்டது. உன் பேட்சை முறைப்படி உள்ளே இழுத்து, அதன் மேல் திருத்தியிருக்க வேண்டும். அனுப்பியிருந்தால் உலகத்தில் உள்ள அத்தனை கர்னலிலும் அது என்னுடையதாகப் பதிந்திருக்கும். மாடிக்கூட்டத்தில் புதிதாக வருபவர்களிடம் நீ சொல்வாயே, "கோட யாரு வேணாலும் திருத்தலாம், எழுதினவங்க பேர மட்டும் தூக்கப்பிடாது" என்று. ஜெபா அதைச் சொல்லிக்காட்டவில்லை. பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

இருவருமாகச் சரிசெய்தோம். ஃப்ரம் வரியில் உன் பெயர். அடியில் நீ ஏற்கெனவே போட்ட சைன்ட்-ஆஃப், இது என் சொந்த வேலை என்று நீ கொடுத்த உறுதி. அதற்குக் கீழே, கீழ் ஓரத்து எண்ணை மாற்றியது இன்னார் என்று ஒரு வரி, என் சைன்ட்-ஆஃப். சோதித்துப் பார்த்தவர் பெயரையும் போடுவது கர்னல் ஆட்களின் வழக்கம். அண்ணாச்சியிடம் போனில் கேட்டேன்.

"எம் பேரா? கடப் பேரப் போடக் கூடாதா?"

"ஆளு பேருதான் போடணும் அண்ணாச்சி."

"அப்பம் போடுங்க. தங்கச்சி பேரு மேல இருக்குல்லா?"

இருக்கிறது என்றேன்.

பட்டியலுக்கு எழுதும்போது, இதை எழுதியவர் இப்போது இல்லை, அவர் கணவன் நான் முடித்து அனுப்புகிறேன் என்று ஒரே வரி சேர்த்தேன். அந்த மனிதரிடமிருந்து பதில் வந்தது. சேர்த்துக்கொண்டேன், நன்றி என்று, உன் பெயரைச் சொல்லித் தொடங்கி. அதன் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார். அவர் ஊரில் வேறு பெயரில் விற்கும் அதே பெட்டி, மாவு மில்லில் வைத்திருக்கிறார்களாம், இப்போது தொட்ட இடத்தில் கேட்கிறதாம். அந்த ஊரை வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். உனக்குச் சொல்ல வேண்டும் என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

நாளை ஞாயிறு. வ. புதுப்பட்டியிலிருந்து ஒருவர் செயலிழந்த டேப்லெட் கொண்டு வருகிறாராம், பெயரே இல்லாத பெட்டியாம். "ஏறாதுன்னு எனக்குத் தோணுது, வந்து பாருலே" என்றான் ஜெபா. போகிறேன். உன் பென்டிரைவைச் சட்டைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். காகிதம் கிழியத் தொடங்கியிருந்தது. அதை எடுக்கவில்லை. அதன் மேலேயே அண்ணாச்சி கொடுத்துவிட்ட காகிதத்தைச் சுற்றி, உன் ரப்பர் பேண்டையே போட்டிருக்கிறேன்.