கடைசி நான்கு பக்கங்கள்

வெள்ளி 14

காலையில் மழை. குடையை மறந்தாச்சு. பாலையூற்றிலிருந்து ஓட்டோ. சிறுவர், இளையோர் எழுத்தாளர் மாநாடு. மூன்று நாள். துறைமுகத்தடிப் பள்ளிக்கூட மண்டபம்.

கொண்டுபோனவை: பஸ்ஸில் ஏறிய மான்குட்டிக் கதை, என் கணவர் கையால் படம் கீறிய மூலம்; கடையில் கொடுத்து எடுத்த அதன் போட்டோப் பிரதி; பனடோல்; தண்ணீர்ப் போத்தல்.

மேசையில் பெயரட்டை இரண்டு. என்னுடையது, இவருடையது. இவர் செத்து ஐம்பத்திரண்டு நாள் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இரண்டையும் கைப்பைக்குள் போட்டேன்.

அறிவிப்பாளர், "கதை எழுதிற ரீச்சரும் படம் கீறுற கணவரும் சோடியா வந்து விளக்கேத்துங்கோ" என்றார். தனியே எழும்பிப் போய் ஏற்றினேன். பின்வரிசையில் விசயம் தெரிந்த ஊர்க்காரி ஒருத்தி: "ஐயோ, இவ இப்ப ஏத்தக்கூடாதெல்லோ!" கூடாதுதான். விளக்கு தன்பாட்டுக்கு எரிந்தது.

மத்தியானம் மீன்குழம்பு. ருசி தெரியவில்லை.

கொழும்புப் பதிப்பாளர் அம்மா பிரதியைப் புரட்டினார். "கடைசி நாலு பக்கமும் வெறுமையாக் கிடக்கு தங்கச்சி. வேற ஆளைக்கொண்டு கீறுவிப்பம். இல்லாட்டி இந்த வருசம் புத்தகம் வராது. ஞாயிறு சொல்லுங்கோ."

ஓம் என்றேன். "படமெல்லாம் முடிச்சிட்டன்" என்று இவர் ஆஸ்பத்திரியில் சொன்னது மருந்து மயக்கம். அதற்குப் பிறகு மூலத்தைத் திறக்க மனம் வரவில்லை.

சனி 15

வெயில், புழுக்கம். இளையோர் நாவலில் காதல் வரலாமா? ஒரு மணித்தியால விவாதம். ஒரு ஐயா: "எங்கட பிள்ளையள் அப்பிடியில்லை." பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

பிறகு வாசிப்பு. பிரதிகளைப் பிள்ளைகளின் மேசைகளில் சுற்றவிடுவது, கூடவே கலர் பென்சில். விரும்பினால் அதிலேயே கீறலாம். நானும் கொடுத்தேன்.

திரும்பி வந்தது மூலம். பிரதி என் கைப்பைக்குள்! இருபத்தோராம் பக்கத்தில் கபில நிற மான். கீறியவள் டிலானி, கட்டைபறிச்சான், பத்து வயது.

"ஆரைக் கேட்டுக் கீறினனீ?" கத்திவிட்டேன். மண்டபமே திரும்பியது. இத்தனை நாளில் முதல் கோபம்.

"கோடு இருந்தது ரீச்சர். அதுக்கு மேலதான் கீறினனான்."

"பொய் சொல்லாதை."

"மெய்யா. மற்றப் பக்கங்களிலயும் இருக்கு. சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ."

பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. சீ, என்ன மனிசி நான்.

ஞாயிறு 16

விடிய எழும்பித் தேத்தண்ணி. குசினி யன்னலடியில் மூலத்தைச் சரித்துப் பிடித்தேன்.

22: பஸ்ஸிலிருந்து இறங்கும் மான். 23: கோட்டையடியில் மான்கூட்டம். 24: கதிரையில் கண்ணாடி போட்ட ஒருத்தி, மடியில் மான் தலை. நான்தான்.

எல்லாம் பென்சில் கோடு. மூச்சுப் பட்டாலே அழிந்துவிடும் போல. பிரதியில் எப்படி விழும்? அழுத்திக் கீறக் கை ஏலாமல் இருந்த நாட்கள் அவை. முடித்துத்தான் இருக்கிறார். நான்தான் நம்பவில்லை.

தேத்தண்ணி ஆறிப்போனது.

மண்டபத்தில் பதிப்பாளர் அம்மாவிடம், "வேற ஆள் வேண்டாம். அவர் முடிச்சிட்டார். கோட்டைத் தடிப்பாக்கினாச் சரி" என்றேன்.

"ஆர் தடிப்பாக்கிறது? நீங்களோ?"

எனக்குக் கீற வராது. சான்றிதழ் வாங்க வந்த பிள்ளைகளுக்குள் டிலானியைத் தேடிப் பிடித்தேன். நேற்றுக் கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டேன். பென்சிலைச் சீவிக் கையில் கொடுத்தேன், இவருக்குக் கொடுக்கிற மாதிரி.

இருபத்திநான்காம் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "எவ்வளவு அழுத்தவேணும் ரீச்சர்?"

"நல்லா" என்றேன்.