அம்மாவின் சாக்கில் அத்தையின் கொழுந்து

திங்கள், ஆகஸ்ட் 9

விடாத சாரல். இணைய வகுப்புக்காகப் பாறை மேல் ஏறினேன். ரேஞ்ச் அங்கே மட்டும்தான். குடை, போன், இயற்பியல் நோட்டு. பாதியில் வகுப்பு அறுந்தது.

கீழே தேயிலைக் காட்டில் அம்மா. கொரோனாவில் அப்பா போய் இரண்டு மாதம். அம்மா பிழைத்தாள், பாதி மூச்சோடு. இன்றுதான் மறுபடி வேலைக்கு. பத்துச் செடிக்கு ஒரு தடவை நிற்கிறாள்.

மாலை சூப்பர்வைசர் வந்தார்: "கொழுந்து எடை சரியா வருதான்னு சனிக்கிழமை வரைக்கும் பாக்கேன்க்கா. முடியலன்னா வேலைக்குப் பெரியவ பேரக் குடுத்துருங்க. வேலைக்கு ஆள் இல்லாத குடும்பத்துக்கு எஸ்டேட் லயத்துல வீடு தரமாட்டாங்க."

அக்கா உடனே தலையாட்டினாள். பிளஸ் டூவில் பள்ளியிலேயே முதல் மார்க். எனக்கு எரிச்சல்.

புதன், 11

இரண்டு நாளும் அம்மாவின் கொழுந்து எடை குறைவு.

கொழுந்து பறிக்கும் நிரையில் ஒருத்திக்கு முடியவில்லை என்றால் மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்து அவள் சாக்கில் போடுவது இங்கே வழக்கம். அடுத்த வீட்டு ஆரோக்கியம் அத்தை போட வந்தாளாம். அம்மா சாக்கை இழுத்துக்கொண்டாளாம். கேட்டால்:

"நான் தொட்ட குழாய டெட்டால் ஊத்திக் கழுவுனவ. அவ கொழுந்து எனக்கு எதுக்கு?"

வீம்பு! அக்காவின் படிப்பு போகப்போகிறது, இங்கே டெட்டால் கணக்கு.

அம்மாவுக்குத் தெரியாமல் அத்தையிடம் போனேன்.

"பயந்துட்டேன்ட்டி. ரெண்டு சின்னப் புள்ளைய வச்சிருக்கேன்ல."

"அத எங்கம்மாட்ட சொல்லுங்க."

"அவ மூஞ்சியப் பாத்தியா? நீயே சொல்லு."

வெள்ளி, 13

அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அத்தை நாலு பிடி போட்டுவிட்டாள். எடை சரியாக வந்தது. பாறையிலிருந்து பார்த்துக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். அவசரப்பட்டேன்.

அம்மா சூப்பர்வைசரிடம்: "இதுல அடுத்தவ கொழுந்து கெடக்கு. கழிச்சுட்டு எழுதுங்க."

பாறை வரை கேட்டது!

சூப்பர்வைசர்: "எலையில பேரா எழுதிருக்கு? தள்ளுங்கக்கா, லாரி நிக்கு."

முழு எடையும் எழுதிவிட்டார். பெண்கள் ஒரே சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

சனி, 14

இன்றும் அத்தை போட்டாள், அம்மாவின் கண்ணெதிரே. அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். வேலையில் அம்மாவின் பேரே நிலைத்தது. வீடு தப்பியது. அக்காவிடம் காலேஜ் விண்ணப்பத்தை நீட்டினால், "நாளைக்குப் பாக்கலாம், தூக்கம் வருது" என்கிறாள்.

சாயங்காலம் மழை இறங்கியது. அம்மா வாசலில் நின்று, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, "ஏட்டி ஆரோக்கியம், வெறகு நனையுது!"

அத்தை வீட்டுக்குள்ளிருந்து, "எனக்குக் கண்ணு தெரியும்!"

அவளும் வெளியே வரவில்லை, இவளும் உள்ளே போகவில்லை. கடைசியில் நனைந்துகொண்டு விறகை எடுத்து வைத்தது நான்.