உங்க கையும் என் காலும்

ஒரு நாளும் துண்டை ஒழுங்காக மடித்து வைக்கத் தெரியாத என் அன்பு மாமாவுக்கு,

நாளைக் காலை சின்னவர் வருகிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். உங்க முதல் வருஷ நினைவுக்கு விவசாயச் சங்கத்துக்காரர்கள் மலர் போடுகிறார்களாம். "நீயே அப்பாவுக்கு ஒரு கடிதாசி எழுதும்மா" என்று நம் தமிழரசி சொல்லிவிட்டு, இன்று காலைதான் குத்தாலத்துக்குப் பாடம் நடத்தப் போனாள். அவள் எதிர்பார்ப்பது உங்க பெருமையை. எனக்கு வருவதோ என் பயம். ஊரே படித்தாலும் படிக்கட்டும், உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் சொல்வேன்?

சின்னவர் என்றால் பண்ணையாரின் மகன். பெரியவர் போன பிறகு சென்னையோடு இருந்துவிட்டவர். செவ்வாய்க்கிழமை அவர் கார் நம் வாசலில் வந்து நின்றது. நாம் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற ஆறு மா நிலத்தை, அந்த இரண்டு ஏக்கரை, விற்கப் போகிறாராம். குத்தகைப் பதிவில் உங்களுக்குப் பிறகு என் பேர் இருப்பதால், எனக்கு உரிமை வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

அவர் வந்தபோது நான் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசலில் ஒரு செருமல் கேட்டது. அப்படியே அவர் அப்பாவின் செருமல். எழுந்துவிட்டேன் மாமா. மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் கொட்டியது.

"உட்காருங்கம்மா, எதுக்கு எந்திரிக்கிறீங்க?" என்றார். என் வீட்டில், என் நாற்காலியில், என்னை உட்காரச் சொல்கிறார்! நான் உட்காரவில்லை. அவர்தான் அதில் உட்கார்ந்தார். மரியாதையாகத்தான் பேசினார். திட்டியிருந்தால் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன், என் வாய் உங்களுக்குத் தெரியாதா? "வெள்ளிக்கிழமை காலையில பேப்பரோட வர்றேன். ஒரே ஒரு கையெழுத்துதாம்மா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரிங்கய்யா" என்றேன்.

கார் போன பிறகு தரையில் கொட்டிய கீரையைப் பொறுக்கினேன். உங்களை நான் செய்த கேலியெல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மலரைப் படிக்கிற பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், நீங்களும் பொறுமையாகக் கேளுங்க. அந்த நாளில் பண்ணையார் எதிரே வந்தால் ஆம்பிளைகள் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சங்கம் வந்தது, கூலிக்காகச் சண்டை நடந்தது, ஆட்சி மாறியது, குத்தகைக்காரன் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டமும் வந்தது. அந்தச் சமயத்தில்தான் சங்கக் கூட்டத்தில் நீங்க எழுந்து, "இனிமே எவன் வந்தாலும் என் துண்டு தோளை விட்டு எறங்காது" என்று சொன்னீங்க. கைதட்டல் தெரு முனை வரை கேட்டது.

மூன்றாம் நாள் வாய்க்கால் கரையில் பெரியவர் செருமினார். நீங்க வீட்டுக்கு வந்தபோது துண்டு இடுப்பில் இருந்தது. நான் காட்டிய பிறகுதான் நீங்களே குனிந்து பார்த்தீங்க. "நான் எடுக்கலடி. கை எடுத்துருச்சு" என்றீங்க. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்க அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அந்தச் சிரிப்புக்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன் மாமா.

அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம்தான் ஊர் சிரித்த வைத்தியம். உங்க பொங்கல் சட்டையின் தோளோடு துண்டைச் சேர்த்துத் தைத்துவிட்டேன், நாலு சுற்று நூல் போட்டு. களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தபோது பெரியவர் வந்தார். உங்க கை வெடுக்கென்று இழுத்தது. துண்டோடு பாதிச் சட்டையும் கையோடு வந்துவிட்டது. "என்னடா, துண்டத் தச்சுப் போட்டிருக்க? பொண்டாட்டி யோசனையா?" என்று அவருடைய பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர் கேட்டார். களமே சிரித்தது. நம் ஆட்களும் சேர்ந்து சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்க கோபிக்கவில்லை. "இனி தைக்காதடி பாக்கியம். தச்சா உன் நூலுதான் நிக்கிது, நான் நிக்கல" என்று மட்டும் சொன்னீங்க.

பிறகுதான் அந்தக் கூத்து. தினமும் நீங்க வயலுக்குக் கிளம்புவதற்கு முன்னால், நான் முறத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு வைக்கோல்போரைச் சுற்றி வந்து பெரியவர் மாதிரியே செருமுவேன். உங்க கை தோளுக்குப் போகும். அகப்பையால் ஒன்று வைப்பேன். என் இடுப்பிலிருந்த தமிழரசி கைகொட்டிச் சிரிப்பாள். ஒரு நாள் கை சும்மா இருக்கும், மறுநாள் பழையபடி எழும்பும். குத்தகைப் பதிவுக்கு நீங்க கொடுத்த மனுவின் விசாரணை நாள் நெருங்க நெருங்க எனக்குச் சிரிப்பு நின்றுபோய், நிஜமாகவே அடிக்க ஆரம்பித்தேன். உங்க மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம்.

பதிவுக்கு மனுக் கொடுத்த மற்ற இரண்டு பேரும் அதற்குள் வாபஸ் வாங்கிவிட்டார்கள். காரியக்காரர் நம் தெருவுக்கே வந்து, "வைக்கோல்போரெல்லாம் பத்திரமா வச்சுக்குங்கப்பா, காத்து காலம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்க மனுவைத் திரும்ப வாங்கவில்லை. எனக்குத்தான் வாங்கிவிடலாமே என்று இருந்தது. அதை உங்களிடம் சொன்னதே இல்லை.

கீழ்வேளூரில் விசாரணை. நான் பிள்ளையோடு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இந்த நெலத்துல சாகுபடி பண்றது யாருப்பா?" என்று அதிகாரி கேட்டார். எதிரே நாற்காலியில் இருந்த பெரியவர் நிதானமாகச் செருமினார்.

உங்க கை எழும்பியது. போச்சு என்று நினைத்தேன். துண்டு இறங்கினால் கூடவே "ஐயா நெலந்தாங்க, நான் கூலி ஆளுங்க" என்று பேச்சும் இறங்கிவிடும் என்று எனக்குத் தெரியும். கை தோளுக்குப் போனது, துண்டைக் கொத்தாகப் பிடித்தது. அங்கேயே நின்றுவிட்டது. விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நாந்தாங்க. எங்கப்பா காலத்துலேருந்து நாங்கதாங்க" என்றீங்க.

அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா, தோள்ல வலியா?" என்றார்.

"இல்லீங்க. பழக்கமுங்க."

பஸ்ஸில் வரும்போதும் பிடியை விடவில்லை நீங்க. ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வைக்கோல்போர் சாம்பலாகக் கிடந்தது. நீங்க மாட்டைத் தடவிக்கொண்டே, "கை இனியும் எந்திரிக்கும் பாக்கியம். எந்திரிச்சா எந்திரிக்கட்டும், எறங்காம பாத்துக்கிறேன்" என்றீங்க. முப்பது வருஷம் பார்த்துக்கொண்டீங்க. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, டாக்டர் தொண்டையைச் செருமினார். வெறும் தோளை எட்டிப் பிடித்துக்கொண்டது உங்க கை. நான் வெளியே போய் அழுதேன்.

இத்தனையும் பார்த்தவள் செவ்வாய்க்கிழமை எழுந்து நின்றேனே மாமா. உங்க கையை அத்தனை அடி அடித்தவள், என் காலை ஒரு நாளாவது கவனித்தேனா? நீங்க கவனிச்சிருந்தீங்களா? கவனித்தும் என் மனம் நோகும் என்று சொல்லாமல் விட்டீங்களா?

தமிழரசியிடம் விஷயத்தைச் சொன்னேன். "முடியாதுன்னு சொல்லிடும்மா, சட்டம் நம்ம பக்கம்" என்றாள். சட்டம் அன்றைக்கும் நம் பக்கம்தான் இருந்தது. உங்க கைதான் இல்லை. அவளை வாசலில் நிற்க வைத்துச் செருமச் சொன்னேன். பாவம், அவளுக்கு அந்தச் செருமல் வரவே இல்லை. இன்று மத்தியானம் தெருவில் ஏதோ வண்டி வந்து நின்றது, அதற்கே எழுந்துவிட்டேன். யார் என்று பார்த்தால் உர மூட்டை இறக்குகிற டிராக்டர். என்னை அடிக்க அகப்பையோடு யாரும் இல்லை.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது மாமா. குறுவை நாற்று பறிக்கிற பருவத்தில் நிற்கிறது. நாளை நான் கையெழுத்துப் போட்டால் நடவுக்கு நம் வயல் இருக்காது. நீங்க தோளைப் பிடித்துக்கொண்டு உரிமை வாங்கிய வயல் அது.

நான் இனி எழவே மாட்டேன் என்று உங்களுக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். ஐம்பது வயதுக் கால், இரண்டு நாளில் திருந்திவிடாது. செருமல் கேட்டால் எழுந்தாலும் எழும். ஆனால் "சரிங்கய்யா" என் வாயிலிருந்து வராது. நின்றுகொண்டே, "கையெழுத்துப் போட மாட்டேன், நாங்கதான் சாகுபடி" என்று சொல்வேன். சொல்லிவிட்டு, அவர் உட்காரச் சொல்வதற்கு முன்னால் உட்காருவேன். இது உங்க துண்டின் மேல் சத்தியம், அது இப்போது என் மடியில்தான் இருக்கிறது. அவருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வேறு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். இது என்னுடையது.

உங்க அக்கா மகளும், உங்க கையை வீங்க வைத்தவளுமான
பாக்கியம்