நாரத்தங்காய்ச் சாடி யாருக்கு என்று கேட்டவளுக்கு

முகில் தங்கும் ஏழு குவடுகளுக்கும், அவற்றிலிருந்து இறங்கும் பதினோரு அருவிகளுக்கும், தேன்வரையும் தினைப்புலமும் காக்கும் வில்லவர் ஆயிரவருக்கும் தலைவியாகிய குவடூர்க் கோமகள் இளவேண்மாள் தேவியார் திருவாய் மலர்ந்தருள, கருநீராற்றுத் துறைச் சாவடியில் வெள்ளம் வடியக் காத்திருக்கும் கொற்றி கைக்கொள்ள எழுதிய ஓலை.

அரச லாயத்துக்குப் புல் அறுக்கும் சடைச்சியின் மகளே, பேராழிபுரத்துக் கடிகையில் பயில மூன்றாண்டுக்கு ஒருவரென நம் நாடு அனுப்புவோரில் இவ்வாண்டு தேர்ந்த மாணாக்கியே, இப்போது உன் ஆட்சிக்கு உட்பட்டவை ஒரு பாயும் ஒரு துணிமூட்டையும் ஓர் ஊறுகாய்ச் சாடியுமே ஆயினும், அந்தச் சிறு நாட்டுக்கும் தேவியாரின் வாழ்த்து உரித்தாகுக.

நலம் என்னும் சொல்லோடு ஓலை தொடங்குவது நம் மரபு. இந்த ஓலை அப்படித் தொடங்கவில்லை. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்து படி.

உன் அண்ணன் எயினன் இறந்தான். கடிகைக்குப் போன இரண்டாம் மாதமே இறந்தான். இப்போது இரண்டு ஆண்டும் எட்டு மாதமும் ஆகின்றன. சுற்றி வளைக்காமல் இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பது தேவியாரின் கட்டளை.

அப்படியானால் போன அமாவாசை வரை உன் வீட்டுக்கு ஓலை எழுதியது யார்?

ஓலைநாயகம் சேந்தன். நாட்டுக்கு வருவதும் நாட்டிலிருந்து போவதுமான எழுத்தையெல்லாம் பார்வையிடும் அதே சேந்தன். இந்த ஓலையையும் இப்போது அவன் கைதான் எழுதுகிறது. தன் குற்றத்தை வேறொருவன் குற்றத்தை எழுதுவது போல, ஒரு சொல்லும் மழுப்பாமல் எழுத வேண்டும் என்பது அவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையின் முதற்பகுதி.

நம் நாட்டின் மங்கல விதியை நீ அறிவாய். ஆறு கடந்து வரும் ஓலை எதுவாயினும் முதலில் ஓலைச்சாலைக்கு வரும். நோய், பசி, அச்சம், சாவு ஆகியவற்றைச் சொல்லும் வரிகள் நீக்கப்படும். மிஞ்சியது வேறோர் ஓலையில் பெயர்த்தெழுதப்படும். அதன் பிறகே அரச முத்திரை விழும். முத்திரைக்கு மேலே அமங்கலச் சொல் இருந்தால் நாட்டுக்கு ஆகாது என்று தேவியாரின் பாட்டனார் வைத்த விதி அது. முப்பது ஆண்டுகள் சேந்தன் அந்த வேலையைச் செய்தான். அரிசியில் கல் பொறுக்குகிறவளைப் போல அவன் சொல் பொறுக்கினான். அதில் அவனுக்குப் பெருமையும் இருந்தது.

எயினனின் முதல் ஓலை நெடியது. தான் அழுவதை எழுதியிருந்தான், தன்னைக் கேலி செய்வதை எழுதியிருந்தான், தண்ணீர் ஒத்துக்கொள்ளாததை எழுதியிருந்தான். சேந்தன் பொறுக்கி முடித்தபோது இரண்டே வரிகள் மிஞ்சின. கடல் பெரிதாக இருக்கிறது என்பது ஒன்று. கூட்டாளி திமிலனின் தாய் மீன் குழம்பு ஊற்றினாள், வயிறு நிறையத் தின்றேன் என்பது மற்றொன்று.

இரண்டாம் ஓலை குறுகியது. எழுத்து கோணலாக இருந்தது. பதினொரு நாளாகக் காய்ச்சல் என்றும், மலைக்காற்றுக்குக் கொண்டுபோனால் தேறலாம் என்று கடிகை மருத்துவர் சொல்வதாகவும், தன்னால் நடக்க முடியாது என்றும் எழுதியிருந்தான். கடைசி வரி இது: "யாராவது ஒருத்தர் வாங்க. அம்மாகிட்ட சொல்ல வேணாம், கொற்றிகிட்ட சொல்லுங்க, அவ ஓடி வந்துருவா."

அதைப் பெயர்த்தெழுதி உன் தாயிடம் கொடுத்தனுப்பியபோது அது என்னவாக இருந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். இங்கே மருத்துவர் கூட அன்பானவர், உங்களை எல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நீ அன்று சிரித்தாயாம்.

வீட்டை விட்டுப் போகிற பிள்ளைகளுக்கு முதல் மாதம் இப்படித்தான் இருக்கும், நானும் அதே கடிகையில் அழுதவன்தானே என்று சேந்தன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். விதி முத்திரையைத்தான் கட்டிப்போட்டது, அவன் வாயைக் கட்டவில்லை. எழுந்து நாற்பது அடி நடந்தால் தேவியாரின் மண்டபம். ஓர் ஆளையும் ஒரு பல்லக்கையும் அனுப்ப அரை நாள் போதும். அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஓலையைக் கையில் எடுத்தான்.

மூன்றாவதாக வந்தது கடிகைத் தலைவரின் ஓலை. காய்ச்சல் கண்ட பத்தொன்பதாம் நாள் உயிர் போயிற்று என்றும், கூட்டாளி திமிலனின் வலைக்காரத் தெருவினர் தங்கள் பிள்ளையைப் போல எடுத்துப் போய்க் கடற்கரையில் எரித்தார்கள் என்றும், யாரும் வராததில் தமக்கு வருத்தம் உண்டு என்றும் எழுதியிருந்தார். சாவைச் சொல்லத் தேவியாரின் தனி ஆணை வேண்டும். ஆணை கேட்டால் இரண்டாம் ஓலையைப் பற்றியும் கேள்வி வரும். சேந்தன் இரண்டையும், முதல் ஓலையின் மூலத்தோடு சேர்த்து, தன் பெட்டியின் அடியில் வைத்தான்.

ஆயினும் அந்த அமாவாசையில் உன் தாய்க்கு உண்மையைச் சொல்லிவிடவே அவன் நினைத்திருந்தான். இடுப்பில் அரிவாளோடு சடைச்சி ஓலைச்சாலை வாசலில் வந்து நின்றாள். "ஓலை வந்துச்சா சாமி?" என்றாள். அவன் வாய் திறக்குமுன், "வரலேன்னாலும் கெடக்கட்டும். மொத தரம் படிச்சீங்களே, வயிறு நெறையத் தின்னேன்னு, அதை மட்டும் இன்னொரு தரம் படிங்க. நான் போயிடுறேன், குதிரைங்க காத்துக்கிட்டு நிக்கும்" என்றாள். படித்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மறு அமாவாசைக்கு அவனே ஒன்று எழுதினான்.

அன்றிலிருந்து ஒரு மாதமும் தவறியதில்லை. பால் பொங்குவதைக் கூடப் பார்க்காமல் ஏடு படிக்கிறாளாமே என்று அண்ணன் உன்னைக் கேலி செய்த வரிகளெல்லாம், உன் தாய் வாசலில் நின்று சொன்ன கதைகளிலிருந்து அவன் எடுத்தவை. நீயும் படித்துவிட்டு இங்கே வா என்ற வரியும் அவனுடையதுதான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீ இரண்டரை ஆண்டு படித்தாய், அறுபது பேரில் முதலாவதாக வந்தாய். தேர்வுப் பட்டியலின் தலையில் உன் பெயரைச் சேந்தன் பார்த்தான். அப்போதாவது சொன்னானா? சொல்லவில்லை. வழியில் ஏதாவது தடை வரும், ஆறு பெருகும், நீ திரும்பிவிடுவாய் என்று கணக்குப் போட்டான்.

ஆறு பெருகியது. நீ திரும்பவில்லை. உன் ஓலைதான் வந்தது.

அது நண்பகல் அவையில் வந்து சேர்ந்தது. தூதன் அதை ஓலைச்சாலையில் கொடுக்காமல் நேரே தேவியாரிடம் நீட்டிவிட்டான். அவைக்கு முன்னாலேயே நாயகம் விடை சொல்லட்டும் என்று நீ அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தாய். வழக்கப்படி தேவியார் அதைச் சேந்தனிடம் தந்து படிக்கச் சொன்னார். கொற்றி துறையை அடைந்தாள், ஆற்றில் நீர்வளம் மிகுந்திருக்கிறது, அண்ணனைக் காணப்போகும் மகிழ்ச்சியில் இருக்கிறாள் என்று படித்து அவன் ஓலையைச் சுருட்டினான். முப்பது ஆண்டுப் பழக்கம், நாக்கே சொல் பொறுக்கிவிட்டது. ஓலை இரு பக்கமும் எழுதியிருக்க நீர் படித்தது மூன்று வரிதானா என்று தேவியார் வினவினார். பிறகு கையை நீட்டி ஓலையை வாங்கித் தாமே உரக்கப் படித்தார். நீ எழுதியது அவையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது:

"நாயகம் ஐயாவுக்கு. அண்ணனுக்கு என்ன கொண்டுவரணும்னு அம்மா கேட்டதுக்கு, நாரத்தங்காய் ஊறுகாய்னு பதில் வந்துச்சு. அங்க போய் நாக்கு மாறிப்போச்சு போலன்னு அம்மா சிரிச்சா. நானும் சிரிச்சேன். மூணு நாளா சாடியைத் தலையில சுமந்துக்கிட்டு நடந்தேன், இப்போ சிரிப்பு வரல. எங்க அண்ணனுக்கு நாரத்தங்காய் பட்டாலே உதடு வீங்கி, தொண்டை அடைச்சுக்கும். சின்ன வயசுல ஒரு தரம் நாக்குல வச்சுட்டுச் செத்துப் பொழைச்சான். அவன் அதைக் கேக்க மாட்டான். இது யாருக்குன்னு சொல்லுங்க ஐயா. சொன்னாத்தான் படகுல கால் வைப்பேன்."

சேந்தன் அவையிலேயே முழந்தாளிட்டான். பெட்டி கொண்டுவரப்பட்டது.

தேவியார் பல்லக்கு ஏறவில்லை. நடந்தே லாயத்துக்குப் போனார். சேந்தனையும் உடன் நடத்திக்கொண்டு போனார். உன் தாய் அப்போது புல்லுக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தேவியார் தம் வாயாலேயே சொன்னார். சடைச்சி புல்லைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சேந்தனைப் பார்த்து, "அப்போ அந்த வரி? வயிறு நெறையத் தின்னேன்னு இருந்துச்சே, அதுவும் பொய்யா சாமி?" என்று கேட்டாள்.

அது மெய் என்றும், எயினன் தன் கையால் எழுதியது என்றும் சேந்தன் சொன்னான். மூல ஓலையை அவள் கையில் கொடுத்தார்கள். எழுத்தறியாத உன் தாய் அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லி, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

உனக்கு அவள் சொல்லி அனுப்பியதை ஒரு சொல்லும் நீக்காமல் எழுதுமாறு கட்டளை. "போறதும் திரும்புறதும் அவ இஷ்டம். போனா, நல்லா இருக்கேன்னு மட்டும் எனக்கு எழுதி அனுப்ப வேணாம். ஒடம்பு முடியலேன்னா முடியலேன்னு எழுதச் சொல்லுங்க. புல்லு அறுக்குற கால்தான், நடந்தே வந்துருவேன்."

எயினனின் முதல் ஓலையின் பின்பக்கத்தில், தனக்கு அடுத்து மலையிலிருந்து வரப்போகும் மாணாக்கருக்கென்று அவன் எழுதியது ஒன்று உண்டு. சேந்தன் அதை முழுவதுமாக நீக்கியிருந்தான். இப்போது அது உனக்கு உரியது. மூலம் உன் தாயிடம் இருப்பதால் இங்கே பெயர்த்தெழுதப்படுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கித் தேவியாரே அருகில் நின்று பார்த்தார்.

"எனக்குப் பின்னால வர்றது யாரா இருந்தாலும் கேளு. சோத்து மணி மூணு தரம் அடிக்கும். ரெண்டாவதுக்கே போயிடு, மூணாவதுக்குப் போனா அடிப்பானைதான். இங்க தண்ணி கரிக்கும், காய்ச்சிக் குடி. நான் வீராப்புக்கு அப்படியே குடிச்சுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அலையுறேன். மலைக்குரங்கு வந்துருச்சு, வாழைப்பழத்தை ஒளிச்சு வைங்கடான்னு கத்துவாங்க. ஒரு தரம் திருப்பிக் குடு, அப்புறம் விட்டுடு. குரங்காவது மரம் ஏறும், நீங்க நண்டு, பக்கவாட்டுல தவிர எங்கேடா போவீங்கன்னு கேட்டேன். திமிலன்னு ஒருத்தன் விழுந்து விழுந்து சிரிச்சான், அன்னைக்கே கூட்டாளி ஆயிட்டான். அவன் வீடு வலைக்காரத் தெருவுல மூணாவது. அவங்க அம்மாகிட்ட என் பேரைச் சொல்லு, சோறு போடுவாங்க. பாடம் புரியலேன்னா புரிஞ்ச மாதிரி தலையாட்டாத, பாதிப் பேர் அப்படித்தான் ஆட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். அழுகை வந்தா கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால ஒரு பாறை இருக்கு. அலைச் சத்தத்துல யாருக்கும் கேக்காது. நான் தெனமும் போறேன். நீ வர்றப்போ நான் இங்கதான் இருப்பேன், ஆனாலும் எழுதி வச்சேன், மறந்துருவேன்னு."

இனித் தேவியாரின் ஆணைகள்.

மங்கல விதி இன்றோடு ஒழிந்தது. ஆறு கடந்து வாழும் மாணாக்கர் எழுதும் ஓலையை அவர் வீட்டார் தவிர வேறெவரும் பிரிக்கலாகாது. இத்துடன் எழுதப்படாத ஓலைகள் பன்னிரண்டு வருகின்றன. அவற்றில் எச்சொல் இருந்தாலும் துறைகாவலர் தடுக்கலாகாது. ஒரு மாதம் உன் ஓலை வராவிட்டால், காரணம் கேட்டுக்கொண்டிராமல் இங்கிருந்து ஆள் புறப்படும்.

நீ படகு ஏறினால் கடிகைக்கு. திரும்பினால் உன் வீட்டுக்கு. மாணாக்கர் போகாவிட்டால் பேராழிபுரத்தார் நமக்கு உப்புப் பாதையை அடைப்பார்கள் என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சு உனக்கு வேண்டாம், அது தேவியாரின் தலைப்பாரம். எதைத் தேர்ந்தாலும் உன்னை ஏன் என்று கேட்க நாட்டில் எவருக்கும் உரிமையில்லை.

சேந்தன் ஓலைநாயகம் பதவியிலிருந்து நீக்கப்பட்டான். நீ கடிகையில் பயிலும் காலமெல்லாம் உன் ஓலைகளைத் துறையிலிருந்து உன் தாய் வீட்டு வாசல் வரை கால்நடையாகச் சுமப்பது இனி அவன் தொழில். சுமக்கலாம், பிரிக்கலாகாது. நீ திரும்பிவிட்டால், சடைச்சி எந்த வேலை சொல்கிறாளோ அந்த வேலை.

எயினன் இறந்தான் என்ற வரிக்கு நேர் கீழே தேவியார் தம் கையால் அரச முத்திரை பதித்தார். ஏழு குவடும் அதற்குச் சாட்சி.

கடைசியாக ஒன்று. இந்த ஓலையை உன்னிடம் நீட்டிவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு எதிரில் நிற்கும் கிழவன்தான் சேந்தன். நீ படித்து முடிக்கும் வரை உட்காரவோ, நீ கேட்காமல் வாய் திறக்கவோ அவனுக்கு அனுமதியில்லை. நாற்பது ஆண்டுக்கு முன் அதே கடிகையில், ஊர் நினைவு வந்தபோதெல்லாம் நாரத்தங்காய் ஊறுகாய்க்கு ஏங்கியவன் அவன். உன் தாயின் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது அவன் நாக்குதான் முந்திக்கொண்டது. ஆகவே, நீ கேட்ட கேள்விக்கு விடை இது: நீ மூன்று நாளாய்ச் சுமந்த சாடி அவனுக்கு. கையில் கொடுப்பதும் ஆற்றில் எறிவதும் உன் விருப்பம்.