நாற்பத்தொரு எண்கள்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. போனில் கேட்டால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

வருமான வரி ஆபீசிலிருந்து என் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. போன வருஷம் ஆன்லைன் சீட்டாட்டத்தில் நான் நாலு லட்சம் ஜெயித்தேனாம். ஒரு லட்சத்து இருபதாயிரம் வரி கட்ட வேண்டுமாம். உன் அத்தான் படித்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ஒரு கை போட்டிருப்பேனே" என்கிறார். அவருக்குச் சிரிப்பு. சீட்டுக்கட்டை வீட்டுக்குள் சேர்க்காதவள் நான்.

"அக்கா பேரில் சேமிப்பு" என்று நீ திறந்து கொடுத்த பாங்குக் கணக்கில்தான் அத்தனையும் வந்து போயிருக்கிறது. கார்டு உன்னிடம். முப்பது வருஷம் சமைத்துத் துவைத்ததை யாரும் வருமானம் என்று எழுதவில்லை. என் முதல் வருமானம் இதுதானா?

மாதாமாதம் சாமி விளக்குக்கு எண்ணெய் வாங்க நீ அனுப்பியதும் இந்தப் பணமா? அதை மட்டுமாவது உடனே எழுது.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், மன்னியுங்கள். என் பாங்குக் கணக்கை என் மனைவி தினமும் பார்ப்பாள். அதனால்தான் உங்கள் பெயரில் ஆடினேன்.

ஜெயித்தது நாலு லட்சம், தோற்றது ஐந்து. அந்த அதிகப்படி ஒரு லட்சம், வீட்டு முன்பணத்துக்காக அவள் பீரோவில் சேர்த்தது. அவளுக்கு இன்னும் தெரியாது. கையில் இல்லாத பணத்துக்கு வரி கேட்பது எந்த ஊர் நியாயம்?

நீங்களே ஆடியதாகக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அக்கா. வரியை மூன்று தவணையில் அனுப்பிவிடுகிறேன். வீட்டிலிருக்கும் பெண்கள் ஆடுவது இப்போது சகஜம், யாரும் தோண்ட மாட்டார்கள். அவளுக்குத் தெரிந்தால் என் குடும்பம் அவ்வளவுதான்.

உங்கள் தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

நான் கேட்ட ஒன்றை விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதியிருக்கிறாய். இப்போது எண்ணெய் என் மளிகைக் காசில் வாங்குகிறேன்.

இரண்டு பஸ் மாறி அந்த ஆபீசுக்குப் போனேன். உன் நியாயத்தையும் கேட்டேன். அங்கிருந்த அதிகாரிப் பெண், "தோத்ததைக் கழிக்க விதியில்லைம்மா. வாங்கின புடவை கிழிஞ்சிடுச்சுன்னா கடைக்காரன் காசைத் திருப்பித் தருவானா?" என்றாள். பிறகு ஒரு தாளை நகர்த்தினாள். "நீங்கதான் ஆடினீங்கன்னா இங்க, இல்லைன்னா அங்க."

பேனாவைக் கையில் எடுத்தேன். லேத் பட்டறையில் கடைசல் நூலளவு பிசகினாலும் இரும்பைத் தூக்கிப் போடுகிறவன் நீ. என்னிடம் மட்டும் எதைக் கேட்டாய் பார்.

பையிலிருந்து என் செலவு நோட்டை எடுத்து அவள் முன் வைத்தேன். "உங்க போனுக்கு ஒரு ஓடிபி நம்பர் வரும், படிச்சுச் சொல்லுங்கக்கா, கரண்ட் பில்லுக்கு" என்று நீ கேட்டபோதெல்லாம் தேதி, மணி, எண் எல்லாம் குறித்திருக்கிறேன். நாற்பத்தொன்று.

"இதை எல்லாம் எதுக்கும்மா எழுதி வெச்சீங்க?"

"வீட்டுக்கு வந்ததையும் வீட்டிலேர்ந்து போனதையும் எழுதுவேன். நம்பரும் போனதுதானே?"

"வருஷத்துக்கு நாப்பத்தொரு தடவையா கரண்ட் பில் வரும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வரி எழுதினேனே, ஒருமுறையாவது மேலிருந்து கீழே படித்தேனா?

ஆடவில்லை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உன் விலாசம் கேட்டாள், கொடுத்தேன். பதினைந்து நாளில் நோட்டீஸ் உன் வீட்டுக்கு வரும். அதை உன் மனைவி பிரிப்பதற்குள் நீ வாயைத் திற. வரிக்குக் குறைந்தால் என் வளையலைத் தருகிறேன். கையெழுத்தைத் தர முடியாது.

அவளிடம் சொன்ன பிறகு அவள் கையால் ஒரு வரி எழுதச் சொல்லி அனுப்பு. அதுவரை நீ ஒன்றும் எழுத வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். மூன்று நாளாக அவள் என்னிடம் பேசவில்லை. கீழே அவளே எழுதுகிறாள்.

தம்பி

அண்ணி,

சொன்னார். உங்கள் கடிதத்தையும் வாங்கிப் படித்தேன். கார்டு இப்போது என்னிடம் இருக்கிறது. இவர் பாதிதான் சொன்னார் என்று தோன்றுகிறது. உங்கள் நோட்டில் அந்தப் பக்கங்களை மட்டும் நகல் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் மேலிருந்து கீழே படித்துக்கொள்கிறேன்.