கிளினிக் வாரத்தில் சிவக்காத கோப்பை

மச்சாள்,

பொன்கொரண்டிக் கட்டையில் கடைந்த உன் கோப்பையில் நேற்றும் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். மற்ற நாட்களில் விடியும்போது வெறுந்தேத்தண்ணீர் நிறத்தில் சிவந்திருக்கும். இன்று நிறம் மாறாமல் பச்சைத் தண்ணீராகவே கிடந்தது. கிளினிக் வாரம் வந்துவிட்டது என்று கலண்டரைப் பார்க்காமலே தெரிந்தது.

உனக்குச் சீனி வருத்தம் வந்தபோது ஆஸ்பத்திரிக் குளிசையையும் விடவில்லை, சீனி இறங்குமென்று கொக்கட்டிச்சோலை நாட்டு வைத்தியப் பரியாரி தந்த இந்தக் கோப்பையையும் விடவில்லை. இரண்டையும் எடுத்தது பிழையென்று நான் சொல்லமாட்டேன். டொக்டருக்கு மறைத்ததுதான் பிழை. இரத்தம் சோதிக்கிற வாரத்தில் மட்டும் கோப்பையைக் கவிழ்த்து வைப்பாய். "டொக்டரிட்ட சொல்லிப்போடாத கா, ஏசுவார்" என்பாய். அந்த வாரம் சீனி ஏறியிருக்கும். அவர் குளிசையைக் கூட்டுவார். வீட்டுக்கு வந்து கூட்டிய குளிசையையும் போட்டு, கோப்பையிலும் குடிப்பாய். உன் அண்ணன் பெண்சாதி நான், கிளினிக்கில் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தும் வாய் திறக்கவில்லை. ஏச்சு வாங்காமல் தப்பிவிட்டோம் என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டு வந்தோம்.

சுனாமிக் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை குருக்கள்மடத்தில் உன் வீட்டில் நின்றேன். கூட்டிய குளிசை தொடங்கி நான்காம் நாள். காலையில் சீனி மிஞ்சி இறங்கி உனக்கு வேர்த்துக் கொட்டியது, நாக்குக் குளறியது, முற்றத்தில் குந்திவிட்டாய். "கையில சத்தில்ல மச்சாள்" என்றாய். சீனித் தண்ணீர் கரைக்கக் குசினிக்குள் ஓடினேன். கரைத்து முடியவில்லை, கடல் உள்ளே வந்துவிட்டது. நான் கூரை மரத்தைப் பிடித்துக்கொண்டேன். நீ தென்னையைப் பிடித்ததைக் கண்டேன். உன் கை நழுவியதையும் கண்டேன்.

எல்லோரும் கடல் கொண்டுபோனது என்கிறார்கள். பாதி வேலையை நாம் இருவரும் முன்னமே செய்து வைத்திருந்தோம்.

ஒரு மாதம் கழித்து, வாவியில் வலை வீசிய ஒருவர் கோப்பையைக் கொண்டுவந்தார். அடியில் நீ ஆணியால் கீறிய உன் முதலெழுத்து இருந்தது. சில மாதத்தில் சாயம் தீர்ந்துவிடும், பிறகு எறிந்துவிட வேண்டும் என்று பரியாரி சொன்னவர். அலுமாரியில் பூட்டி வைத்தேன்.

இந்த வருடம் சண்டை முடிந்தது. எனக்கும் சீனி வருத்தம் தொடங்கியது. கோப்பையை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஐந்து வருடம் போயும் சிவந்தது; நானும் தினமும் குடித்துவந்தேன். கிளினிக் வாரத்தில் மட்டும் சாயம் விடாது. இரண்டு தரம் மூடி தனியே, கோப்பை தனியே கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் நான் ஒருத்திதான். உன்னைப்போல நானும் டொக்டரிடம் சொல்லவில்லை. அவரும் இரண்டு தரம் குளிசையைக் கூட்டிவிட்டார். போன வாரம் எனக்கும் வேர்த்து நாக்குக் குளறியது. பயந்துபோனேன்.

இன்று கோப்பையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். டொக்டரின் மேசையில் வைத்து, உன்னையும் சேர்த்து எல்லாம் சொன்னேன். அவர் ஏசவில்லை. குளிசையைக் குறைத்துக் கொப்பியில் எழுதினார். கோப்பையைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார். இனி எதைக் குடித்தாலும் சொல்லிவிட்டுக் குடிக்கச் சொன்னார். இவ்வளவுக்குத்தானா பயந்தோம்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் பை நனைந்திருந்தது. திறந்தேன். துடைத்து வைத்த கோப்பையின் அடியில் ஒரு மிடறு தண்ணீர், நன்றாகச் சிவந்து கிடந்தது.

கடல் வந்த அன்றிலிருந்து என் பையில் ஒரு பொட்டலம் சீனி எப்போதும் இருக்கும். அதைப் பிரித்துக் கோப்பையில் கொட்டினேன். பக்கத்து இருக்கையில் யாருமில்லை. அந்தப் பக்கமாகக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, விரலால் கலக்கினேன். இந்த முறை கரைத்து முடித்துவிட்டேன், மச்சாள்.