ஊர் அரிசி ஒரே மூட்டையில்

ஐப்பசி 3, வியாழன்

விடாத தூறல். விறகெல்லாம் ஈரம், வீடு முழுக்கப் புகை. தீபாவளிக்கு இரண்டே நாள். அதிரசத்துக்கு மாவு இன்னும் இடிக்கவில்லை.

நிறைமாதத் தங்கை ராஜத்துக்குக் கால் வீங்கியிருக்கிறது. போன பிரசவத்தில், எங்கள் நூம்பலிலிருந்து பூந்தமல்லிக்கு உதவி கேட்டு ஆள் ஓடித் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குழந்தை அழவே இல்லை. இந்தத் தடவை விடமாட்டேன்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்ந்த நர்ஸ் எஸ்தரம்மாள், இப்போது பூந்தமல்லியில். எங்கள் ஊருக்கே வந்து தங்கச் சம்மதம். கேட்டது இரண்டுதான். தங்க ஓர் அறை, மாதம் ஒரு மூட்டை அரிசி. அறை பெரிய வீட்டுப் பொன்னம்மாள் உபயம். அரிசி எங்கள் மாதர் சங்கம். உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி, தனிச் சட்டியில். பிடி பிடியாகச் சேர்ந்துதான் கிணற்றுக்கு ராட்டினம் வந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது. நர்ஸ் மட்டும் வரமாட்டாரா என்ன!

நாளைக்கு: கோணி உதற. வண்டிக்குச் சொல்ல. ராஜத்துக்கு உப்பு குறைக்க.

ஐப்பசி 4, வெள்ளி

மழை விட்டது. ஒரு வீடு பாக்கியில்லாமல் வசூல். எல்லா வீட்டிலும் அதிரச வாசனை. பொன்னம்மாளுக்கு மட்டும் முகச் சுளிப்பு.

"எங்க ஊட்டு அரிசியும் கெயக்கால தெரு அரிசியும் ஒண்ணாவா கொட்டப் போறே?"

"ஒண்ணாத்தான் கொட்டப் போறேன்கா."

பெரிய வீடோ கிழக்குத் தெருவோ, எந்தக் கை போட்டது என்று அரிசியில் தெரியக் கூடாது. சங்கம் ஆரம்பித்த அன்றே நான் பிடித்த பிடிவாதம். என் கையாலேயே கொட்டி, கிளறி, கோணி ஊசி போட்டுத் தைத்தேன். ஒரே பெருமை. கொஞ்சம் அதிகமாகவே.

ஐப்பசி 5, தீபாவளி

அதிரசம் கல். என் வீட்டுக்காரர் குறை சொல்லாமல் மூன்று தின்றார். பாவம்.

ஐப்பசி 7, திங்கள்

வெயில். என் வாழ்நாளில் இப்படி வெட்கப்பட்டதில்லை.

மூட்டையை வண்டியில் ஏற்றி நர்ஸ் வீட்டுக்குப் போனேன். பிரித்தார். ஒரு கை அள்ளினார்.

"இன்னாம்மா இது, பாதி பச்சரிசி, பாதி புழுங்கலா கீது? ஒண்ணு கொழஞ்சிப்பூடும், இன்னொண்ணு வேகாது. இத்த எப்டிப் பொங்கித் தின்றது?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. எப்போதும் எல்லா வீட்டிலும் புழுங்கல்தான், அதனால் இதுவரை வம்பில்லை. இது தீபாவளி வாரம். அதிரசத்துக்கு எடுத்த பச்சரிசியிலேயே பாதி ஊர் விட்டுப்போன பிடியையெல்லாம் போட்டிருக்கிறது. என் வீடும்தான். அதை நானே கிளறி வேறு விட்டேன்!

மாற்றித் தருவாரா என்று பூந்தமல்லியிலேயே இருக்கும் காதர் பாய் அரிசி மண்டிக்குப் போனேன்.

"இத்த வித்தா என் கடைப் பேரு கெட்டுப்பூடும் தங்கச்சி. யாரு வாங்குவாங்கோ?"

ராஜத்தின் வீங்கிய கால்தான் கண்முன். அங்கேயே அழுதுவிட்டேன். உள்ளிருந்து அவர் மனைவி பாத்திமா பீவியின் குரல்:

"இன்னாங்க, பள்ளிவாசல் கஞ்சிக்கு நொய் ஒடைக்கணும்னு சொல்லிகினு இருந்தீங்களே. கஞ்சிக்குப் பச்சையா இருந்தா இன்னா, புழுங்கலா இருந்தா இன்னா?"

பாய் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அதானே! இன்னிக்குப் பிறை தெரிஞ்சா நாளைக்கு நோன்பு."

எங்கள் மூட்டை பள்ளிவாசலுக்கு. அதே எடைக்குப் பாயின் புழுங்கல் நர்ஸுக்கு. திரும்பும்போது வண்டிக்காரர் பாடிக்கொண்டு வந்தார். நானும், மெதுவாக.

ஐப்பசி 10, வியாழன்

நர்ஸ் வந்தாயிற்று. ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை. பொன்னம்மாள் அறையைக் கழுவிக் கட்டிலும் போட்டிருந்தாள். நல்ல மனசுதான், வாய்தான் கொஞ்சம்.

புது விதி: இனி வீட்டுக்கு இரண்டு சட்டி. பச்சைக்கு ஒன்று, புழுங்கலுக்கு ஒன்று. தெருவுக்கு ஒன்று இல்லை. பொன்னம்மாளிடம் இதை இரண்டு தடவை சொன்னேன்.

ஐப்பசி 13, ஞாயிறு

அடைமழை. பூந்தமல்லிப் பாதை முழங்கால் தண்ணீர். காலையில் ராஜத்துக்கு வலி. நர்ஸ் நான்கு வீடு தள்ளி! குடை பிடித்து நடந்தே வந்துவிட்டார்.

குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "பயப்படாதம்மா, சுடுதண்ணி கொண்டா." அப்புறம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் அழுகை. தெருவுக்கே கேட்கிற அழுகை. பெண். எங்கிருந்து அந்தத் தொண்டையோ!

பொன்னம்மாள் வாசலில் நின்று அழுகிறாள். நானும். என் வீட்டுக்காரர் மழையைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொழுது சாய மழை ஓய்ந்தது. தண்ணீர் வடிந்ததும் பாய் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி. நர்ஸ் குடிக்கலாம் என்றார். ராஜம் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"நம்ம அரிசியாக்கா இது?"

"நம்ம ஊரு அரிசிதான்."

காலித் தூக்கை என்னிடம் நீட்டினாள். பிறகு, "இன்னிக்குச் சட்டில பிடி போட்டியா?"

போடவில்லை. சுடுதண்ணீர் வைத்ததோடு சரி, உலையே வைக்கவில்லை. எழுந்து போய்ப் போட்டேன். எங்களுக்கு ஒரு பிடி, புதிதாக வந்தவளுக்கு ஒரு பிடி. எந்தச் சட்டி என்று பார்த்துத்தான்.